அப்பாவுக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது, எதிரில் இருப்பவர் முகம்தான் புரியவில்லை. இது டிமென்ஷியாவா?

பொருநைக்கரை (கேள்வி)

வணக்கம். என் அப்பாவுக்கு 62 வயது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் வழியைக் கேட்டால் பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று இன்றைக்கும் தட்டாமல் சொல்வார். பழைய டிக்கெட் கட்டணமும் சொல்வார். வீட்டில் மின்கட்டணம் கட்ட வேண்டிய தேதி அவருக்குத்தான் நினைவிருக்கும்.

பிரச்சினை வேறு. பெரிய மாமா இறந்தபோது, தன் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் போய் “சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?” என்று உரக்கக் கேட்டார். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அது அவருக்கு உறைக்கவே இல்லை. என் மகள் முற்றத்தில் விழுந்து மோவாய் கிழிந்து ரத்தத்தோடு அலறியபோது, அவளைச் சுற்றிக்கொண்டு நடந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். முன்பெல்லாம் இனிப்பு அதிகம் தொடமாட்டார். இப்போது அல்வா வாங்கி வரச் சொன்னால் வீடு வந்து சேரும்போது பொட்டலம் காலியாக இருக்கிறது.

இவர் எப்படிப்பட்ட மனிதர் தெரியுமா? ஓடுகிற பஸ்ஸில் யாருக்குக் குமட்டுகிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அவர்கள் வாய் திறப்பதற்குள் ஜன்னல் ஓரத்துக்கு மாற்றி உட்காரவைப்பார். அதற்கென்றே பையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். அந்த மனிதர் இன்று அம்மா அழுவதைப் பார்த்துக்கொண்டே காபி கேட்கிறார்.

ஒரு மருத்துவரிடம் காட்டினோம். 30 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வைத்தார். அப்பா 27 எடுத்தார். “ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது, ஓய்வு பெற்ற சலிப்புதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொந்தக்காரர்கள் “கல்நெஞ்சன்” என்கிறார்கள். அம்மாவும் அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

முகத்தில் தெரியும் உணர்ச்சியைப் புரிந்துகொள்ளும் திறன் மட்டும் தனியாகக் கெட்டுப்போகுமா? அதற்கும் ஞாபகம், யோசிக்கும் திறன் ஆகியவற்றுக்கும் என்ன தொடர்பு? அதைச் சோதிக்க வழி உண்டா?

ஓய்வுபெற்ற உளவியலர்

பொருநைக்கரை, மறதி நோய்ப் பிரிவில் நோயறி உளவியலராக நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். கெட்டுப்போகும். ஞாபகம் சரியாக இருக்கும்போதே கெட்டுப்போகும்.

முகத்தைப் பார்த்து ஆள் யார் என்று அறிவது ஒரு வேலை. அந்த ஆள் என்ன நிலையில் இருக்கிறார் என்று அறிவது இன்னொரு வேலை. மூளை இரண்டையும் பெரும்பாலும் வெவ்வேறு இடங்களில் செய்கிறது. உணர்ச்சியை அறிவதில் மூளையில் நெற்றிக்குப் பின்னால் உள்ள நெற்றி மடலின் அடிப்பகுதி, காதோரப் பொட்டுக்கு உட்புறம் உள்ள பொட்டு மடலின் முன்பகுதி, அதற்குள் இருக்கும் அமிக்டலா, பக்கத்தில் மடிந்து கிடக்கும் இன்சுலா எல்லாம் சேர்ந்து உழைக்கின்றன. வலப்பக்கத்துக்குப் பங்கு அதிகம். ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்ற நோய் முதலில் தாக்குவது இந்த இடங்களைத்தான். அல்சைமர் நோய் பெரும்பாலும் ஞாபகத்தைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் பக்கம் தொடங்குகிறது. அதனால்தான் ஒருவருக்குப் பேத்தி பெயர் மறந்து, பேத்தியின் அழுகை புரிகிறது. இன்னொருவருக்குப் பேத்தியின் பிறந்த தேதி வரை நினைவிருந்து, அவள் அழுகை மட்டும் புரிவதில்லை.

அந்த 30 மதிப்பெண் தேர்வு அநேகமாக 1975இல் வந்த பழைய தேர்வாக இருக்கும். அதில் தேதிக்கும் இடத்துக்குமே 10 மதிப்பெண். மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்வது, 100இலிருந்து ஏழேழாகக் கழிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது என்று போகும். அல்சைமரைத் தேட ஓரளவு உதவும். ஆனால் திட்டமிடுவது, மனத்தில் தோன்றியதை அடக்குவது, ஒரு விதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகியவற்றை அது தொடுவதே இல்லை. முகத்தைப் பற்றி ஒரு கேள்விகூட அதில் இல்லை. 27 வாங்கியவரை வீட்டுக்கு அனுப்பியதில் எனக்கு உள்ளபடியே கோபம் வருகிறது. கூட வந்த மனைவியிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அந்த எண்ணின் லட்சணம் தெரிந்திருக்கும்.

சோதிக்க வழி உண்டு. அமெரிக்க உளவியலர் பால் எக்மன் 1976இல் வெளியிட்ட கறுப்பு வெள்ளை முகப் படங்களிலிருந்து உருவான தேர்வு ஒன்றை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். பத்துப் பேர், ஒவ்வொருவருக்கும் ஆறு உணர்ச்சிகள், மொத்தம் 60 படங்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு, வியப்பு என்ற ஆறு சொற்களைக் கீழே வைத்துவிட்டு, எது பொருந்தும் என்று கேட்பார்கள். அவை வெளிநாட்டு முகங்களாயிற்றே என்ற கவலைக்கு விடையாக, பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் நம் நாட்டு நடிகர்களின் முகங்களைக் கொண்டும் ஒரு தேர்வு உருவாக்கியிருக்கிறார்கள்.

ஒரு காட்சி சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். பயந்துபோன பெண்ணின் படத்தை அவர் முன் வைத்தேன். பொறுமையாகப் பார்த்தார். “கண் பெரிதாக இருக்கிறது. புருவம் மேலே போயிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது” என்றார். எல்லாம் சரி. “அப்படியானால் இந்த அம்மாவுக்கு என்ன?” என்று கேட்டேன். “பல்லைக் காட்டுகிறார், பல் மருத்துவரிடம் வந்திருப்பார்” என்றார். ஒவ்வொரு உறுப்பையும் பார்த்தார். பயம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அடுத்து சிரிக்கும் முகத்தை வைத்ததும் சட்டென்று “மகிழ்ச்சி” என்றார். பொதுவாகவே கடைசி வரை தங்குவது இதுதான். ஆறில் ஐயமில்லாமல் இன்பமானது அது ஒன்றே. சிரிப்பைப் பிடித்துக்கொண்டால் விடை வந்துவிடும். மற்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்க்க வேண்டும். கோபம், பயம், அருவருப்பு, சோகம் ஆகியவற்றில்தான் இந்த நோயாளிகள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இந்தத் தேர்வில் குறைந்த மதிப்பெண் வந்தாலே முகம் புரியவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஆறு சொற்களை மனத்தில் வைத்திருக்க ஞாபகம் வேண்டும். “அருவருப்பு” என்ற சொல்லின் பொருள் தெரிய மொழி வேண்டும். அவசரப்படாமல் தேர்ந்தெடுக்க நெற்றி மடல் வேண்டும். அல்சைமர் நோயாளிகள் இந்தத் தேர்வில் சறுக்கும்போது, பல நேரம் யோசிக்கும் திறன் மொத்தமாகத் தளர்ந்ததன் பங்கு அதில் இருக்கும். அதனால் சொல்லே இல்லாமலும் சோதிப்போம். இரண்டு படங்களை வைத்து, இவர்கள் இருவருக்கும் ஒரே உணர்ச்சியா என்று மட்டும் கேட்போம். அதற்கும் முன்னால், இரண்டு படங்களும் ஒரே ஆளா என்று கேட்டுப் பார்வையைச் சரிபார்ப்போம். கண்புரை இருக்கிறதா, கண்ணாடி சரியானதா என்பதைப் பார்க்காமல் முகத் தேர்வு வைப்பது வீண்.

2011இல் வெளிவந்த சர்வதேச வரையறை ஒன்று ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாவின் நடத்தை வகைக்கு ஆறு அடையாளங்களைச் சொல்கிறது. இடம் பொருள் பாராத நடத்தை, எதிலும் நாட்டமின்மை, பிறர் துயரில் இரக்கம் குறைவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, உணவுப் பழக்கம் மாறுவது (இனிப்பு ஆசை இதில்தான் வரும்), ஞாபகத்தைவிடத் திட்டமிடும் திறன் அதிகம் குறைவது. இவற்றில் மூன்று இருந்து, நிலைமை படிப்படியாக மோசமாகிக்கொண்டே போனால் அந்த நோயாக இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். நீங்கள் எழுதியதிலேயே மூன்று கண்ணில் படுகின்றன. நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தைராய்டு, பி12 பரிசோதனைகள் பார்க்கச் சொல்வார்கள். 100 மதிப்பெண்ணுக்கான ஆடன்புரூக் தேர்வு போன்ற விரிவான ஒன்றைக் கேளுங்கள். அதில் ஒரு நிமிடத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. ஊர்ப் பெயர்களைத் தட்டாமல் சொல்பவர் அங்கே திணறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். இந்த மாற்றம் மெதுவாக வந்ததா, திடீரென்று ஒரு நாளில் வந்ததா? திடீரென்று வந்தது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்காதீர்கள்.

நொய்யல்

மேடம் எழுதியது சரிதான். ஆனால் இதைப் படிக்கும் ஒருவர், டிமென்ஷியா வந்தால் முகம் புரியாது என்று பொதுவாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. என் மனைவிக்கு அல்சைமர். கோயம்புத்தூரில் நாங்கள் இருவர் மட்டும். மகள் பெயர் அவளுக்கு வருவதில்லை. காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இல்லை. ஆனால் என் முகத்தை அவள் படிப்பதுபோல் வேறு யாரும் படிக்க முடியாது.

சென்ற மாதம் வீட்டு வரி விஷயமாகத் தொலைபேசியில் ஒருவரிடம் வாக்குவாதம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பேசினேன். என் குரல் அவளுக்குக் கேட்டிருக்காது. உள்ளே வந்து பார்த்தால் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், விரல் நுனி சிவந்துவிட்டது. “யார் திட்டினார்கள்?” என்றாள். யாரும் இல்லை என்றேன். சற்று நேரத்தில் கேட்டதே அவளுக்கு மறந்துவிட்டது. பதற்றம் மட்டும் போகவில்லை. இரவு இட்லியை வாயிலேயே வைக்கவில்லை.

மேடம், காரணம் மறந்த பிறகு அந்தப் பயம் மட்டும் எப்படித் தங்குகிறது?

பகல்மனை

முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் வேலை பார்க்கிறேன். பொருநைக்கரை அக்காவுக்கு ஒரு அவசரச் செய்தி மட்டும். எதிரில் இருப்பவர் முகத்தில் உள்ள கபடம் புரியாதவரை ஏமாற்றுவது மிகச் சுலபம். நெற்றி மடல் பாதிக்கப்பட்டவர்கள் முன்பின் தெரியாதவருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையும், ஏ.டி.எம். ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டதையும் குடும்பத்தார் சொல்லிச் சொல்லி அழுவார்கள். அப்பாவின் ஓய்வூதியக் கணக்கில் அம்மாவையும் கூட்டாகச் சேருங்கள். பத்திரங்களை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வண்டி ஓட்டுகிறார் என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். நோய்க்குப் பெயர் கிடைக்கும் வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம்.

சொந்தக்காரர்கள் நம்பவில்லை என்றால் ஒரு வழி. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்று அவர் குடும்பத்தார் 2023 பிப்ரவரியில் வெளிப்படையாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியைக் காட்டுங்கள். எங்கள் மையத்துக்கு வந்த ஒரு குடும்பத்தில் அதைப் பார்த்த பிறகுதான் மூத்த மகன் வாயை மூடினார்.

பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. மேடம், மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. ஓய்வு பெறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று இப்போது அம்மா சொல்கிறார். கடைசிக் காலத்தில் பயணிகளோடு தகராறு என்று பணிமனையிலிருந்து புகார்கள் வந்தனவாம்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் குத்தலாகப் பேசுபவர்கள். அப்பா சோற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வதைப் பார்த்து அம்மா “ரொம்ப நல்லது, சட்டியோடு எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். அப்பா நிஜமாகவே சட்டியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தன்னை அவமானப்படுத்துகிறார் என்று அம்மா அன்று முழுக்கப் பேசவில்லை. அதே அப்பா, “எனக்குத் தலை வலிக்கிறது, தைலத்தை எடுத்து வாருங்கள்” என்று நேராகச் சொன்னால் எழுந்து போய் எடுத்து வருகிறார்! இது எப்படி?

முகத்தைப் பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? மருந்து உண்டா?

ஓய்வுபெற்ற உளவியலர்

முதலில் நொய்யல் ஐயாவுக்கு. நீங்கள் திருத்தியது நல்லதாயிற்று. உங்கள் மனைவியிடம் நீங்கள் பார்ப்பதை ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளிகளிடம் பிறர் உணர்ச்சி தொற்றிக்கொள்வது இயல்பைவிட அதிகமாக இருந்தது. வலப் பொட்டு மடல் சுருங்கச் சுருங்க அது கூடியது. பயம் தங்குவதைப் பற்றி ஐயோவா பல்கலைக்கழகத்தில் 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளைக் காட்டினார்கள். படத்தில் என்ன நடந்தது என்பது சீக்கிரமே மறந்துபோனது. சோகம் மட்டும் தங்கியது. நிகழ்ச்சியைப் பதிவதும் உணர்ச்சியைத் தாங்குவதும் வேறு வேறு இடங்கள் என்பதால் இது நடக்கிறது. உங்கள் மனைவி பதறும்போது “ஒன்றும் நடக்கவில்லை” என்று வாதாடாதீர்கள். காரணம் தேடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். சந்தோஷமும் அதேபோலத் தங்கும் என்பதையும் அந்த ஆய்வில் பார்த்தார்கள். அவருக்குப் பிடித்த பாட்டைக் காலையில் போட்டுவிட்டால், பாட்டு மறந்த பிறகும் பலன் இருக்கும்.

பொருநைக்கரை, அந்தச் சட்டி விஷயம் உங்கள் மருத்துவருக்குக் கட்டாயம் போய்ச் சேர வேண்டிய தகவல். குத்தல் பேச்சைப் புரிந்துகொள்ள, சொல் ஒரு பக்கமும் முகமும் குரலும் இன்னொரு பக்கமும் இழுப்பதைக் கவனித்து எது மெய் என்று தீர்மானிக்க வேண்டும். முகம் அறிவதும் யோசிப்பதும் ஒரே நொடியில் சேரும் இடம் அது. இதைச் சோதிக்க ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த உளவியலர் ஸ்கை மெக்டொனால்ட் குறும்படக் காட்சிகளாகவே ஒரு தேர்வு உருவாக்கினார். ஒரே வசனத்தை ஒரு காட்சியில் உண்மையாகவும் இன்னொரு காட்சியில் குத்தலாகவும் பேசுவார்கள். ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா நோயாளிகளுக்கு உண்மையாகப் பேசுவது புரிகிறது, குத்தல் புரிவதில்லை. உங்கள் அப்பா அவமானப்படுத்தவில்லை. சட்டியோடு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டார். தைலம் கேட்டார்கள், கொண்டுவந்தார். சொல் வழியாக வருவது இன்னும் அவரைச் சேர்கிறது. அந்த வழியை வீட்டில் எல்லோரும் பயன்படுத்துங்கள். “நான் அழுகிறேன். அண்ணன் நினைவு வந்துவிட்டது. என் பக்கத்தில் உட்காருங்கள்.” இப்படி மூன்று சிறு வாக்கியங்கள். இப்படிக் கேட்டு வாங்கும் அன்பு அன்பா என்று அம்மாவுக்கு வலிக்கும். அந்த வலி நியாயமானது, அதை மறுக்காதீர்கள். ஆனால் கேட்டால் அவர் வந்து உட்காருவார் என்பதே இப்போது பெரிய விஷயம்.

சொல்லிக்கொடுப்பது பற்றி. இரண்டு பக்கமும் அமிக்டலா சிதைந்த ஒரு பெண்ணைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆய்வுகளில் எஸ்.எம். என்றே அவரைக் குறிப்பிடுவார்கள். பயந்த முகம் அவருக்குப் புரியாது. ரால்ஃப் அடால்ஃப்ஸ் குழுவினர் 2005இல் காரணத்தைக் கண்டார்கள்: அவர் பார்வை கண்கள் பக்கம் போவதே இல்லை. “கண்ணைப் பாருங்கள்” என்று சொன்னதும் பயம் புரிந்தது! ஆனால் அது தானாக நிலைக்கவில்லை, ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு டிமென்ஷியா இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அப்பாவைப் போன்றவர்களுக்குப் படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுப்பதில் நான் பெரிய நம்பிக்கை வைக்க மாட்டேன். பள்ளிக்கூடம்போல் உட்காரவைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். மாற வேண்டியது நம் பேச்சு.

மருந்து. இந்த நோயை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் நோயின் சரியான பெயர் தெரிவது மருந்துக்காகவும் அவசியம். அல்சைமருக்கு வழக்கமாகக் கொடுக்கும் டோனெபெசில் இந்த நோயில் பலன் தருவதில்லை. சிலருக்கு நடத்தையை இன்னும் மோசமாக்கும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் இனிப்பு வெறியையும் அடக்கமில்லாத நடத்தையையும் ஓரளவு தணிக்கலாம். அது மருத்துவர் முடிவு.

பொருநைக்கரை

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். சட்டி பற்றிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னார். நரம்பியல் மருத்துவரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கிவிட்டோம். என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஓய்வுபெற்ற உளவியலர்

பழைய தேர்வுத் தாள், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், கண்ணாடி. காது கேட்கும் கருவி இருந்தால் அதுவும். எந்த மாற்றம் எந்த வருடம் தொடங்கியது என்று ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். பணிமனைப் புகார்களிலிருந்து தொடங்குங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது நடுவயதில் குணம் மாறியதா, பேச்சு நின்றதா, கை கால் தளர்ந்ததா என்று அத்தைகளிடம் கேட்டுவிட்டுப் போங்கள், ஏனென்றால் சில குடும்பங்களில் இது மரபாக வரும். முடிந்தால் சாப்பாட்டு நேரத்தில் சிறிய வீடியோ ஒன்று எடுங்கள். மருத்துவர் அறையில் பத்து நிமிடம் எல்லோருமே ஒழுங்காக இருப்பார்கள்.

அம்மாவை மருத்துவரிடம் தனியாகப் பேசவிடுங்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் அவர் பாதியை விழுங்கிவிடுவார். நீங்கள் அந்த நேரம் அப்பாவோடு வெளியே உட்கார்ந்து பாபநாசம் வழியைப் பேசிக்கொண்டிருங்கள்.